விடுமுறைக்கு எது: புது சூப்பர்ஹீரோ காமிக்ஸா, பழைய கார்ட்டூன் தொடரா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வீடுகளில் ஆள் நிறைந்திருக்கும், கையில் காசு குறைந்திருக்கும். இந்த நேரம் பார்த்துத்தான் அக்கா மகன், "மாமா, புதுசா வர்ற பேட்மேன் காமிக்ஸ் செமயா இருக்காம், வாங்கித் தாங்க" என்று கேட்கிறான். அவனுக்குப் பதினாறு வயசு, தங்கச்சிக்குப் பத்து. எனக்கோ அந்தக் காசை ஒரு ஓடிடி சந்தாவில் போட்டு, நான் சின்ன வயசில் பார்த்த தொடர்களை இரண்டு பேருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயசுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பழைய தொடர். பதினைந்தைத் தாண்டிய, இங்கிலீஷ் வாசிக்கத் தயங்காத பிள்ளை என்றால் புது காமிக்ஸ், அதுவும் மாதாமாதம் வரும் தனி இதழாக இல்லாமல், பல இதழ் சேர்ந்த தொகுதியாக. இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: கதை கையில் எடுத்த இடத்திலேயே முடிகிறதா, இல்லை அடுத்ததை வாங்கு, அடுத்ததை வாங்கு என்று இழுத்துக்கொண்டே போகிறதா?

பழசிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தப்பான பேச்சு அதிகம். "சின்ன வயசு ஞாபகம், அவ்வளவுதான், இப்போ பார்த்தா சப்புன்னு இருக்கும்" என்பார்கள். சில தொடர்களுக்கு அது உண்மை. ஆனால் 1992 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' அப்படி இல்லை. புரூஸ் டிம்மும் எரிக் ராடோம்ஸ்கியும் உருவாக்கியது, மொத்தம் 85 பகுதிகள். பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். வெள்ளைத் தாளில் இருட்டைப் பூசுவதற்குப் பதிலாக, கறுப்பின் மேல் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் தீட்டினார்கள். அதனால்தான் பேட்மேனின் ஊரான அந்த காத்தம் நகரத்தில் பகல் காட்சியில்கூட ராத்திரியின் சாயல் இருக்கும். இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் படம் பழசாகத் தெரியாது.

கதைக்கு வந்தால், 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற ஒரே ஒரு பகுதியைப் பார்த்தால் போதும். மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லன் 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் காமிக்ஸில் வந்தவன், பனிக்கட்டித் துப்பாக்கியோடு திரியும் சாதாரண ஆள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளர் பால் டினி அவனுக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். தீராத நோய், குணப்படுத்தும் வழி கிடைக்கும்வரை அவளை உறைநிலையில் வைத்திருக்கிறான், அதையும் ஒரு முதலாளி கெடுக்கிறான். ஒரு பகுதிக்கு இருக்கும் இருபத்திரண்டு நிமிடம் முடிவதற்குள் அந்த வில்லனுக்காக நமக்கு நெஞ்சு அடைக்கும். பின்னால் காமிக்ஸே இந்தக் கதையைத் தன் கதையாக எடுத்துக்கொண்டது. ஹார்லி குவினும் அப்படித்தான், 1992இல் இந்தத் தொடருக்காக உருவாக்கிய பாத்திரம், அப்புறம்தான் காமிக்ஸுக்குள் போனாள். புது காமிக்ஸில் பிள்ளைகள் இன்றைக்கு ரசிக்கிற பாதி விஷயம் அந்தக் கார்ட்டூனிலிருந்து போனது. அதனால் பழைய தொடரைக் காட்டுவதை நம் ஆசைக்காகப் பிள்ளையை உட்கார வைப்பதாக நினைக்க வேண்டாம், ஊற்றையே காட்டுகிறோம்.

பேட்மேனுக்குப் பேசிய கெவின் கான்ராயின் குரலைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. முகமூடி இல்லாத பேட்மேனான புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், முகமூடி போட்டதும் வேறு குரல், ஒரே ஆளின் தொண்டை. வில்லன் ஜோக்கருக்குக் குரல் மார்க் ஹாமில். கான்ராய் 2022 நவம்பரில் காலமானபோது எத்தனை பேர் வாய்விட்டு அழுதிருப்பார்கள் என்று தெரியாது, நான் அழுதேன்.

நம் கரையில் இந்த ஆசை எப்படி வந்தது என்பதும் முக்கியம். எங்க அப்பா காலத்து ஆட்கள் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்கள். 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சேனல், கடல் தாண்டி சிக்னல் தெளிவாக வரும். சிங்களம் புரியாவிட்டாலும் கார்ட்டூன் புரிந்தது என்பார்கள். அடுத்தது கேபிள் காலம். கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்தது, அதில் 'ஸ்வாட் கேட்ஸ்' பார்த்த தலைமுறை ஒன்று உண்டு, அமெரிக்காவில் அந்தத் தொடர் பாதியிலேயே நின்றுபோனது என்றே தெரியாமல் மறு ஒளிபரப்பு மறு ஒளிபரப்பாகப் பார்த்தோம். தெரியாமல் போனதற்குக் காரணம், தொடர் முடியாவிட்டாலும் ஒவ்வொரு பகுதியும் அன்றைக்கே முடிந்துவிடும். 2007இல் சுட்டி டிவி வந்தது. 'ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ்' தமிழில் பேச ஆரம்பித்ததும் கதையே மாறிவிட்டது. அதில் வரும் பன்னிரண்டு தாயத்துகளும், ஜாக்கியைப் பெரியவர் அதட்டுகிற அதட்டலும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அப்போது கரண்ட் கட் வேறு கடுமை. பாதியில் போனால் மிச்சக் கதையை ஒருவருக்கொருவர் சொல்லி முடித்துக்கொள்வோம், எல்லோருக்கும் புரிந்த மொழியில் இருந்ததால் அது முடிந்தது.

இந்த மொழி விஷயத்தில்தான் புது காமிக்ஸ் முதல் அடி வாங்குகிறது. அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களான டிசியும் மார்வெலும் இப்போது வெளியிடுகிற எதையும் தமிழில் உடனே எதிர்பார்க்க முடியாது. இங்கிலீஷில்தான் வாசிக்க வேண்டும். அதிலும் பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் முழுக்க கேபிடல் எழுத்தில் இருக்கும். தமிழ் வழியில் படிக்கும் பத்து வயசுப் பிள்ளை சின்ன எழுத்துச் சொற்களையே கூட்டித்தான் வாசிக்கிறது, இதில் கொச்சைப் பேச்சும் சுருக்கிய சொற்களும் சேர்ந்தால் படத்தைப் புரட்டிவிட்டு வைத்துவிடும். கார்ட்டூனில் வசனம் புரியாவிட்டால் குரலும் அசைவும் இசையும் தாங்கிப் பிடிக்கும். வீட்டில் அம்மாவும் மதினியும் வலைக்கு நூல் கோத்துக்கொண்டேகூட எட்டிப் பார்த்து, "இவன் எதுக்குடா அவளை ஐஸ்ல வச்சிருக்கான்?" என்று கேட்கலாம். காமிக்ஸ் ஒருவர் மடியில் இருக்கும்போது இன்னொருவருக்கு அதில் இடமில்லை.

சரி, அப்படியென்றால் புது காமிக்ஸ் தேவையே இல்லையா? இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. அக்கா மகன் கேட்டது 'ஆப்சொல்யூட் பேட்மேன்'. 2024 அக்டோபரில் தொடங்கியது, ஸ்காட் ஸ்னைடர் கதை, நிக் டிராகோட்டா ஓவியம். இதில் புரூஸ் வெய்னுக்கு மாளிகை இல்லை, சொத்து இல்லை, வீட்டைப் பார்த்துக்கொள்ள பட்லர் இல்லை. அப்பா பள்ளி ஆசிரியர், மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன இடத்தில் கொல்லப்பட்டவர். அம்மா உயிரோடு இருக்கிறார். புரூஸ் உழைத்துச் சாப்பிடுகிற என்ஜினீயர், கருவிகளைத் தானே செய்துகொள்கிறான், நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தையே கழற்றிக் கோடாலியாகப் பிடிக்கிறான். பணக்காரன் இருட்டில் வந்து ஏழைகளைக் காப்பாற்றும் கதையில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு உறுத்தல் உண்டு. இதில் அந்த உறுத்தல் இல்லை. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பையன் இந்த பேட்மேனைப் பார்த்து "இவன் நம்மாளு" என்று சொல்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அவன் சொன்னதும் அதைத்தான்.

அதே வரிசையில் 2024 நவம்பரில் வந்த 'ஆப்சொல்யூட் சூப்பர்மேன்' இன்னும் ஒரு படி மேலே. ஜேசன் ஆரன் எழுதியது. அவன் பிறந்த கிரகமான கிரிப்டானிலேயே மேல் கீழ் என்று பிரித்து வைத்த சமூகம், சூப்பர்மேனின் குடும்பம் அதில் உழைக்கிற பக்கம். பூமிக்கு வந்தும் அவன் முதலில் நிற்பது சுரங்கத் தொழிலாளிகளோடு. 'ஆப்சொல்யூட் வொண்டர் வுமன்' நரகத்தில் வளர்ந்த பெண்ணின் கதை, கெல்லி தாம்சன் எழுத்து, 2025இல் சிறந்த புதுத் தொடருக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருதை வாங்கியது. மூன்றில் ஓவியத்துக்காகப் பார்த்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

மார்வெல் பக்கம் 2024 ஜனவரியில் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்', ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்கோ செக்கெட்டோ வரைந்தது. ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அதற்கு அப்புறம்தான் சக்தி கிடைக்கிறது. வழக்கமான கதையில் செத்துப்போகிற பென் மாமா இதில் உயிரோடு இருக்கிறார். இது பிள்ளைகளை விட நமக்கான புத்தகம். நாற்பதை நெருங்குகிறவர்கள், சின்ன வயசில் 1994 ஸ்பைடர்மேன் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள், இதை வாசித்தால் தன் வயசோடு ஸ்பைடர்மேனும் வளர்ந்து வந்து நிற்பது போல இருக்கும். வெறும் பழைய ஞாபகத்தைக் கிளறாமல், அந்த ஞாபகத்துக்கு அடுத்து என்ன என்று கேட்கிற கதை.

ஆனால் 'ஆப்சொல்யூட் பேட்மேன்' சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். ரத்தம் நிறைய. முதல் இதழிலேயே கை வெட்டுகிற காட்சி உண்டு. பதினாறு வயசுக்குச் சரி, பத்து வயசுக்குக் கண்டிப்பாக இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வயசிலும் பிள்ளைகள் இருந்தால் புத்தகத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள்.

அடுத்தது காசு. தனி இதழ் ஒன்று அமெரிக்க விலையில் 4.99 டாலர், நம் கணக்கில் நானூறு ரூபாய்க்கு மேல், அனுப்பும் செலவு தனி. கதை இருபது பக்கத்தை ஒட்டி இருக்கும், நிதானமாக வாசித்தாலும் அரை மணி நேரம் தாங்காது. பெரும்பாலும் ஒரு திடுக்கிடலில் கொண்டுபோய் நிறுத்தி, அடுத்த மாதம் வா என்று சொல்லிவிடும். தடைக்காலத்தில் ஒரு குடும்பம் இப்படி ஒரு கணக்கைத் தொடங்கவே கூடாது. தொகுதியில் ஆறு இதழ் சேர்ந்து வரும், ஒரு கதைச் சுற்று அதில் முடியும், ஒவ்வொன்றாக வாங்குவதை விட மலிவும்கூட. 'ஆப்சொல்யூட் பேட்மேன்' முதல் தொகுதியின் பெயர் 'தி ஜூ', முதல் ஆறு இதழ்கள் அதில் அடக்கம். 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' முதல் தொகுதியும் ஆறு இதழ்தான், பெயர் 'மேரீட் வித் சில்ட்ரன்'. திரையில் வாசிக்கச் சம்மதம் என்றால் மார்வெலின் சந்தா செயலி இருக்கிறது, அச்சில் வந்து மூன்று மாதம் கழித்துப் புது இதழ் அதில் ஏறும். மூன்று மாதம் பொறுப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இது கடற்கரைக்காரர்களுக்கு மட்டும். தனி இதழை நடுவில் இரண்டு கம்பி ஊசி போட்டுத்தான் தைத்திருப்பார்கள். உப்புக் காற்றில் அந்த ஊசி துருப்பிடிக்கும், நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கும், அப்புறம் தாள் அந்த இடத்திலேயே கிழியும். கீழக்கரையில் எனக்குப் பழக்கமான ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) துபாயிலிருந்து வரும்போதெல்லாம் இதழ்களாக வாங்கி வந்து பெட்டியில் அடுக்கியிருந்தார், வடகிழக்குப் பருவமழை இரண்டைப் பார்த்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தால் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தொகுதியில் ஊசி இல்லை, பசை போட்ட முதுகு. அதற்கும் ஈரம் ஆகாது, ஆனால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்து டப்பாக்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, சுவரை ஒட்டாமல் நிறுத்தி வைத்தால் பல வருஷம் தாங்கும். படுக்கப் போட்டு அடுக்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் சில வழிகள் இருக்கின்றன. பழைய தொடர்களையே மறுபடி எடுக்கிறார்கள். 'எக்ஸ்-மென் '97' முதல் சீசன் 2024 மார்ச்சில் வந்தது, பத்துப் பகுதி, 1992 முதல் 1997 வரை 76 பகுதி ஓடிய பழைய தொடர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பழைய இசையை வைத்துக்கொண்டு கதையைத் தைரியமாகக் கனமாக்கியிருக்கிறார்கள், ஐந்தாவது பகுதிக்குப் பிறகு நான் மனசு தாங்காமல் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன். ஆனால் பழைய தொடரில் கொஞ்சமாவது பார்க்காதவர்களுக்கு அந்த அடி விழாது. எனவே பிள்ளைகளுக்கு முதலில் பழையதில் பத்துப் பதினைந்து பகுதி காட்டிவிட்டு அப்புறம் '97க்குப் போங்கள். புரூஸ் டிம் 2024 ஆகஸ்ட்டில் பிரைம் வீடியோவில் கொண்டுவந்த 'பேட்மேன்: கேப்ட் க்ரூசேடர்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1992க்குப் பதிலாக அதை வைக்க என்னால் முடியாது.

பழைய தொடரைத் தொடர்கிற காமிக்ஸும் உண்டு. 'பேட்மேன்: தி அட்வெஞ்சர்ஸ் கன்டினியூ' 2020இல் ஆரம்பித்தது, பால் டினியும் ஆலன் பர்னெட்டும் எழுத, டை டெம்பிள்டன் வரைந்தது, தொடரின் அதே உருவங்கள். ஏற்கெனவே அந்தத் தொடரில் ஊறியவருக்கு இது விருந்து. புதிதாக வருகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், யாரோ இரண்டு பேர் பழைய கதை பேசிக்கொள்வதைப் பக்கத்தில் நின்று கேட்பது போல ஆகிவிடும்.

தமிழில்தான் வேண்டும் என்கிற வீட்டுக்கு சிவகாசி இருக்கிறது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இரண்டும் நம் பக்கத்து மாவட்டத்திலிருந்தே வருபவை. அமெரிக்க சூப்பர்ஹீரோ கூட்டம் அவர்களின் முக்கியச் சரக்கு இல்லை. ஆனாலும் ஒரு சொந்தம் உண்டு: லயனில் வந்து நம் அண்ணன்மார்கள் கொண்டாடிய ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை), பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரம், அதன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனை ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து உருவாக்கிய அதே சீகல். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய புத்தகத்தை வாங்கி வாசித்தவர்கள், சூப்பர்மேனைப் படைத்தவரின் கதையைத் தமிழில் வாசித்திருக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு வாசிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், டிசி, மார்வெல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இங்கேயிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

இனி வாங்கும் முறை. ஓடிடியில் எந்தத் தொடர் எங்கே இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் சந்தா கட்டும் முன் அந்தச் செயலியில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எக்ஸ்-மென் மாதிரியான மார்வெல் தொடர்களுக்கு ஜியோஹாட்ஸ்டார்தான் முதல் இடம். பழைய பேட்மேனுக்கு 2018இல் முழுத் தொகுப்பாக ப்ளூரே வந்தது, வட்டு ஓட்டும் கருவி வைத்திருக்கிற வீட்டுக்கு மட்டும் அது உதவும். ஒரு மாதச் சந்தா போதும், வருஷச் சந்தா வேண்டாம். பகுதிகளை ஒரே மூச்சில் ஓட விடாமல் நாளுக்கு இரண்டு என்று வைத்தால் டேட்டாவும் தாங்கும், பிள்ளைகளுக்கு அடுத்த நாள் பேசவும் ஏதாவது இருக்கும். தொகுதியை விடுமுறை முடிந்து படகு போகத் தொடங்கிய பிறகு வாங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது, காமிக்ஸில் தாமதமாக வாசிப்பவருக்கு நஷ்டமே கிடையாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருக்கிறோம், அக்கா மகனும் "சரி மாமா" என்று ஒத்துக்கொண்டான்.

ஆர்டர் போடும்போது பெயரில் மட்டும் கவனம் வேண்டும். 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' என்று 2000இல் தொடங்கிய வேறு ஒரு தொடர் உண்டு, பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதியது, நல்ல தொடர்தான், ஆனால் பள்ளிப் பையன் பீட்டரின் கதை. 2024 கதை வேண்டுமென்றால் ஹிக்மன் பெயர் இருக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் 'ஆப்சொல்யூட்' என்ற பெயரில் இருக்கிறது. டிசி தன் பழைய கதைகளைப் பெரிய அளவில், கனமான அட்டையோடு மறுபதிப்பு செய்யும் விலை உயர்ந்த பதிப்புகளுக்கும் அதே பெயர்தான், அதில் ஸ்னைடரின் பழைய பேட்மேன் கதையும் உண்டு. எனவே ஸ்னைடர் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், அட்டையில் நிக் டிராகோட்டா பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.